நட்டஈடா, நன்கொடையா

அந்த மனிதரை நான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தது தார் ரோட்டில் மல்லாந்து கிடந்தபடிதான். அதற்கு முன்பு பார்த்ததெல்லாம் பதாகைகளில். லுணுகலை பஸ் நிலையத்துக்கு எதிரே, கோயில் திருவிழா வளைவுகளில், எங்கள் பாடசாலைத் தண்ணீர்த் தாங்கியின் வயிற்றில் என்று எங்கே திரும்பினாலும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். வெலிமடையில் மரக்கறி மொத்த வியாபாரம். கிழங்கும் லீக்சும் கரட்டும் அவருடைய லொறிகளில் ஏறித்தான் கொழும்புக்குப் போகும் என்பார்கள். ஆனால் பதாகைகளில் வியாபாரி என்று போட மாட்டார். ‘சமூக சேவையாளர்’ என்றுதான் இருக்கும்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கணவருக்கு லுணுகலை டவுனில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை. அன்றைக்குப் பதுளையில் ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு இருந்தது. காலையிலேயே சேலையும் கழுத்தில் பாடசாலை அட்டையுமாக ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டேன். தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி இறங்கும் அந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுவோம் என்று எங்கள் ஆட்கள் பெருமையடிப்பது வழக்கம். எதிரே வந்தவர் அதை உண்மையிலேயே செய்துபார்த்தார் போலிருக்கிறது. ஒரு வளைவில் பஸ் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தது. அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் என் பக்கத்துக்குப் பாய்ந்தது. ஒதுங்க எனக்கு இருந்த இடம் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கானும் ஒரு மண்மேடும்தான். அவை இரண்டுக்கும் நான் போய்ச் சேர்வதற்குள் கார் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

விழுந்த பிறகு முதலில் தெரிந்தது வலியல்ல. அவருடைய முகம். ஒன்றல்ல, ரோடு முழுக்க அவர் முகம். காரின் பின்பக்கக் கதவு அதிர்ச்சியில் திறந்துகொண்டு, உள்ளே இருந்த அப்பியாசக் கொப்பிகள் எல்லாம் சரிந்து கொட்டியிருந்தன. எங்கேயோ ஒரு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கக் கொண்டுபோனவை. ஒவ்வொரு கொப்பியின் அட்டையிலும் அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அச்சில் இல்லாத அசல் மனிதர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

“டீச்சர், ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல” என்றார்.

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே, கால்கள் வழக்கமாகப் பார்க்காத ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் ஒன்றுமில்லை என்றார்.

உடனே போனை எடுத்தார். அம்புலன்சுக்குத்தான் என்று நினைத்தேன். “தம்பி, கொஞ்சம் லேட்டாகும். புள்ளைங்கள கலைஞ்சு போக விட்றாதீங்க, போட்டோ எடுக்கணும்” என்றார். பிறகு கொப்பிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, எனக்கு அறிமுகமே இல்லாதவள், இடுப்பில் கைவைத்து நின்று, “ஏங்க ஐயா, கொப்பியப் பொறக்குறத வுட்டுட்டு டீச்சரப் புடிங்க!” என்று போட்ட அதட்டலில்தான் அவருக்கு நான் அங்கே கிடப்பது மறுபடி ஞாபகம் வந்தது. அந்தப் பெண்களே என்னைத் தூக்கி ஒரு ஆட்டோவில் ஏற்றினார்கள். சேலை நனையாமல் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியிருந்த ஒருத்தி அதை அவிழ்த்து மடித்து என் காலுக்கு அண்டக் கொடுத்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் காலைத் திறந்து தகடு வைத்துப் பூட்டினார்கள். நல்ல கைகள், இன்றைக்கும் அந்த டாக்டரையும் தாதிகளையும் நினைத்துக்கொள்வேன். தியேட்டரிலிருந்து வந்து, கண்ணைத் திறந்து மூடிக்கொண்டிருந்த ஒரு மதியம், பார்வையாளர் நேரத்தில் அவர் வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. பின்னால் இரண்டு ஆட்கள். ஒருவர் கையில் பழக்கூடையும் ஒரு வாக்கரும். மற்றவர் கையில் போன்.

“டீச்சர், இப்ப எப்படி?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போன்காரர் பக்கம் திரும்பினார். “வெளிச்சம் போதுமா?”

“ஐயா கொஞ்சம் கட்டில் பக்கமா நில்லுங்க. டீச்சர், நீங்க ஐயாவப் பாருங்க. ஆ, அப்படித்தான்.”

மயக்க மருந்தின் மிச்சத்தில் இருந்தவள் எதையும் பார்ப்பாள். நானும் பார்த்தேன். வாக்கரை என் கையில் பிடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஓர் உலர் உணவுப் பொதியும் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, சீனி, நெத்தலி. சேலைன் ஏறிக்கொண்டிருந்தவளுக்கு நெத்தலி. ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மா, “நல்ல மனுசன், ஒங்க சொந்தமா டீச்சர்?” என்று கேட்டார்.

மறுநாள் என் கணவர் வந்தபோது முகம் ஒருமாதிரி இருந்தது. போனை எடுத்துக் காட்டினார். நம் பதாகைக்காரருடைய பேஸ்புக் பக்கத்தில் நானும் அவரும் வாக்கரும். மேலே, ‘விபத்தில் சிக்கிய ஏழை ஆசிரியைக்கு மனிதநேய உதவி’ என்று தலைப்பு. கீழே வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. தெய்வம் நேரில் வந்தது போல என்று ஒருவர். உங்களைப் போல் ஆயிரம் பேர் வேண்டும் என்று இன்னொருவர். அப்படி ஆயிரம் பேர் அந்த ரோட்டில் கார் ஓட்டினால் எங்கள் கதி என்னவென்று அவர் யோசிக்கவில்லை. வேறொருவர், ‘டீச்சரை இடிச்ச படுபாவி எவன்னு தெரியலையே’ என்று கொதித்திருந்தார். அந்த வரிக்கும் நம் சமூக சேவையாளர் ஓர் இதயம் போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது.

“வுட்டுத் தள்ளு” என்றார் கணவர். “இன்சூரன்ஸ்ல எல்லாத்தையும் பாத்துக்கிருவாங்கன்னு சொல்லியிருக்காரு. பெரிய எடம். நமக்கு எதுக்கு வம்பு?”

வம்பு ஏற்கனவே என் காலுக்குள் தகடாக உட்கார்ந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. பாவம், அவர் கடையையும் பிள்ளைகளையும் ஒற்றையாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாட்கள் கழித்து வாக்குமூலம் எடுக்க ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வாட்டுக்கு வந்தார். சிங்களவர், மரியாதையான மனிதர். தமிழும் கொஞ்சம் பேசுவார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் எழுதினார். முடிந்ததும் பேனாவை நீட்டினார்.

“சைன் பண்ணுங்க டீச்சர். பிரச்சின இல்ல.”

“வாசிச்சுட்டுப் போடுறேன் சேர்.”

என்னுடைய சிங்களம் பஸ் போர்டும் மருந்துச் சிட்டையும் வாசிக்கிற அளவு. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். ஓரிடத்தில் நின்றுவிட்டேன். நான் திடீரென்று வலப்பக்கம் திரும்பியதாக எழுதியிருந்தது.

“நான் திரும்பவே இல்லையே சேர். அவருதான் பஸ்ஸ வெட்டி என் பக்கம் வந்தாரு.”

சார்ஜன்ட் தலையைச் சொறிந்தார். “அவர் அப்படித்தானே சொன்னது.”

“இது அவரோட வாக்குமூலமா, என்னோடதா?”

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு அந்த இடத்தை வெட்டி, நான் சொன்னபடி எழுதி, பக்கத்தில் என் சின்னக் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். எழும்பும்போது குரலைத் தாழ்த்தி, “டீச்சருக்கு ஒரு விஷயம் சொல்றது. அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இல்ல. முடிஞ்சு ரொம்ப காலம்” என்றார்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது, அவருடைய லொறிகள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக இன்சூரன்ஸ் இருந்ததாம். கிழங்கு லீக்சு எதற்கும் சேதம் வந்துவிடக் கூடாதில்லையா? சொந்தக் காருக்கு மட்டும் மறந்துபோய்விட்டதாம். அதில் அவர் தானதர்மம் செய்யத்தானே போய் வருகிறார். அதற்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனது. அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு, வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டே வெளியேறினார் என்று கணவர் வந்து சொன்னார்.

“அப்ப நமக்கு?”

“அபராதம் அரசாங்கத்துக்குப் போவுதாம்.”

உடைந்தது அரசாங்கத்தின் கால் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும், என் ஸ்கூட்டிக்கு இருந்த இன்சூரன்ஸிலாவது ஏதும் கிடைக்குமா என்று கேட்கப் பதுளையில் ஒரு காரியாலயத்துக்குப் போனோம். வருடம் தவறாமல் கட்டி வந்தவள் நான். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் ஒருவர் என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, மிகவும் அனுதாபத்தோடு சொன்னார்.

“மிஸ், நீங்க எடுத்திருக்குறது மூன்றாம் தரப்பு. இது நீங்க யாரையாவது இடிச்சா, அவங்களுக்குக் குடுக்குறது.”

“என்னை யாராவது இடிச்சா?”

“அவங்களோட இன்சூரன்ஸ் ஒங்களுக்குக் குடுக்கும்.”

“அவங்ககிட்ட இல்லாட்டி?”

இளைஞர் உதட்டைப் பிதுக்கினார். “நீங்க அவர இடிச்சிருந்தா ஒரு பிரச்சினையும் வந்திருக்காது மிஸ்.”

அதாவது, அந்த வெலிமடை முதலாளிக்கு என்னால் ஏதும் நேர்ந்துவிடக் கூடாது என்று வருடாவருடம் நான் பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்தான் சமூக சேவையாளர் என்று போட்டுக்கொள்கிறார்.

ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். சிவில் வழக்குப் போடலாம், போட்டால் என் கடைசிப் பிள்ளை பட்டம் பெறும் காலத்தில் தீர்ப்பு வரலாம் என்று கண்ணியமாகச் சொன்னார். முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய்ப் பாருங்கள், இரண்டு பக்கமும் இணங்கினால் அங்கேயே முடியும் என்று வழி காட்டியவரும் அவர்தான்.

மத்தியஸ்த சபை விடுமுறை நாளில் ஒரு பாடசாலை வகுப்பறையில் கூடியது. மேசைக்குப் பின்னால் மூன்று மத்தியஸ்தர்கள். நடுவில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், ஒரு பக்கம் பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், மறுபக்கம் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது. எங்களுக்குக் கிடைத்தது பிள்ளைகளின் கதிரைகள். எனக்கு அவை பழக்கம். மேடைச் சோபாக்களுக்கே பழகிய நம் ஆளுக்கு முழங்கால் நாடியை முட்டியது.

அவர் ஒரு தடித்த ஃபைலோடு வந்திருந்தார். உள்ளே முழுக்கப் படங்கள். சக்கர நாற்காலி கொடுத்தது, கூரைத்தகடு கொடுத்தது, மூக்குக் கண்ணாடி கொடுத்தது. கடைசியாக, வாக்கர் கொடுத்தது.

“நான் டீச்சரக் கைவிடலைங்க” என்றார் குரல் தழுதழுக்க. “ஆஸ்பத்திரிக்கே போயி ஒதவி செஞ்சிருக்கேன். பாருங்க. அதுக்கு மேல நட்டஈடு, அது இதுன்னு கேட்டா மனசுக்குக் கஸ்டமா இருக்கு.”

மருத்துவமாது அந்தப் படத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். அது பேஸ்புக்கிலிருந்து தலைப்போடு அப்படியே எடுத்த பிரதி.

“‘விபத்தில் சிக்கிய ஏழை ஆசிரியைக்கு மனிதநேய உதவி’” என்று வாசித்தார். “இந்த விபத்த யாரு செஞ்சது?”

“அது... ரோட்டுல நடந்ததுங்க.”

“ரோட்டுல யாரு காரு?”

அவர் ஃபைலை மறுபடி முன்பக்கத்துக்குப் புரட்டினார். துணிக்கடைப் பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டே, “முதலாளி, ஒன்னு கேக்குறேன். இந்த வாக்கர நீங்க நட்டஈடாக் குடுத்தீங்களா, தர்மமாக் குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

அவர் முதல் முறையாக யோசித்தார். நட்டஈடு என்றால் பேஸ்புக்கில் வந்த இதயங்களெல்லாம் என்னாவது? “தர்மமாத்தாங்க” என்றார் நெஞ்சில் கைவைத்து.

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப அந்த நன்மை ஒங்களுக்கு மேல எழுதியாச்சு. நட்டஈடு இன்னும் பாக்கி இருக்கு. இப்ப அதப் பேசுவோம்.”

வகுப்பறைக்கு வெளியே தங்கள் முறைக்காகக் காத்திருந்த வேலித் தகராறுக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பேசி முடித்ததில், ஸ்கூட்டியைத் திருத்தும் செலவையும், சம்பளமில்லாத லீவில் நான் இழந்ததையும், நான் படுத்திருந்த காலத்தில் வீட்டு வேலைக்கு வைத்திருந்த பெண்ணுக்குக் கொடுத்ததையும் மூன்று தவணையில் தருவதாக இணங்கிக் கையெழுத்திட்டார். வலிக்கு என்று ஒரு தொகை போடலாமே என்று மருத்துவமாது கேட்டதற்கு, “வலி யாருக்குத்தாங்க இல்ல?” என்று பெருமூச்சு விட்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நான் வேலைக்குத் திரும்பிய சில நாளில் எங்கள் அதிபர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். முகத்தில் தர்மசங்கடம்.

“மிஸ், அவரு அந்த மொதத் தவணைய நம்ம விளையாட்டுப் போட்டியில மேடையில வச்சுக் குடுக்கலாமான்னு கேக்குறாரு.”

“எதுக்கு சேர் மேடை?”

“அவரு நம்ம ஸ்கூலுக்கு வேண்டியவரு. தண்ணித் தாங்கி குடுத்திருக்காரு. இப்ப வேலி அடிச்சுத் தாறேங்குறாரு. ஒரு அஞ்சு நிமிசம்தானே மிஸ்.”

நான் ஒரு திட்டத்தோடு சரி என்றேன். வீட்டில் சொன்னபோது கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

விளையாட்டுப் போட்டியன்று மைதானம் முழுக்கப் பெற்றோர். வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் லயக் குடியிருப்புச் சனமெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தது. அறிவிப்பாளர், “வள்ளல் பெருந்தகை அவர்கள் விபத்தில் பாதிக்கப்பட்ட நமது ஆசிரியைக்கு நிதியுதவி வழங்குவார்” என்று முழங்கினார். ஊன்றுகோலோடு மேடையேறினேன். பொன்னாடை போர்த்தினார். என்வலப்பை நீட்டினார். படம் எடுத்து முடியட்டும் என்று பொறுத்திருந்துவிட்டு, அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

“இது உதவி இல்லைங்க. என்னை இடிச்சது இவரு ஓட்டிக்கிட்டு வந்த காருதான். அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இல்ல. மத்தியஸ்த சபையில தாறேன்னு ஒத்துக்கிட்ட நட்டஈடு இது. இன்னும் ரெண்டு தவணை பாக்கி இருக்கு.”

அவர் முகம் வெளுத்தது. இந்த ஒரு கணத்துக்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். அது ஒரு கணம்தான் நீடித்தது. முன்வரிசையில் இருந்த தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார்.

“எவ்வளவு பெரிய மனுசன்! தான் செஞ்ச தப்ப இத்தன பேரு முன்னால ஒத்துக்கிட்டுப் பணத்தையும் குடுக்குறாரே! இந்தக் காலத்துல எவன் செய்வான்?”

அவ்வளவுதான். மைதானம் முழுக்கக் கைதட்டியது. அவர் முகத்தில் இரத்தம் திரும்பியது. மெதுவாகக் கைகூப்பினார். பிறகு என்னிடமிருந்து மைக்கை வாங்கி, “உண்மைய மறைக்கிறது எனக்குப் பழக்கமில்ல” என்றார். அன்று மாலையே அவருடைய பக்கத்தில் புதுப்படம் வந்துவிட்டது. தலைப்பு, ‘நேர்மையின் சிகரம்’. படத்தில் நான் மைக்கோடு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். பார்ப்பவர்களுக்கு நன்றியுரை சொல்வது போலத்தான் இருக்கும். கணவர் அதைக் காட்டியபோது ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் பேசாததுதான் எனக்குச் செய்த பெரிய உதவி.

இரண்டாம் தவணை ஓசையில்லாமல் வங்கிக்கு வந்தது. மூன்றாவது வரவில்லை. போன் எடுத்தால் உதவியாளர், ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்பார். கிழங்குகளோடு அப்படி என்ன மீட்டிங்கோ. மாதங்கள் போயின. ஊன்றுகோலும் போனது. அடுத்து வந்த பரிசளிப்பு விழாவுக்கும் அவர்தான் பிரதம விருந்தினர் என்று முடிவானதும், வரவேற்புரையை நான் செய்கிறேன் என்று அதிபரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே உதவியாளருக்குப் போன் போட்டு, வரவேற்புரை விஷயமாக ஐயாவிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றேன். மீட்டிங் உடனே முடிந்துவிட்டது.

“சொல்லுங்க டீச்சர், சொல்லுங்க.”

“போன தடவ சுருக்கமாப் பேசிட்டேன் ஐயா. இந்தத் தடவ கொஞ்சம் விரிவாப் பேசலாம்னு இருக்கேன். ரோட்டுல கொப்பி பொறக்குனீங்களே, அதுலருந்து ஆரம்பிக்கவா? இல்ல, நான் திடீர்னு திரும்பினேன்னு பொலிஸுல சொன்னீங்களே, அதுலருந்தா?”

“எதுக்கு டீச்சர் ஒங்களுக்குச் சிரமம்” என்றார். “அந்த மிச்ச விஷயம் எங்க ஆளு மறந்துட்டான் போல. இன்னைக்கே பாத்துர்றேன்.”

அன்று பாடசாலை விடுவதற்குள் வங்கியிலிருந்து செய்தி வந்துவிட்டது. ஸ்கூட்டியைத் திருத்திய கராஜ்காரரிடம் இருந்த கடனை மறுநாளே கொடுத்து முடித்தேன்.

விழாவில் வழமைபோல அவரை வரவேற்றேன். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பேசிவிட்டுப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தபோது, அவர் என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் கேட்டார். கமரா எதுவும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

“கால் இப்ப எப்படி டீச்சர்?”

“மழை பேஞ்சா வலிக்குது ஐயா. குளிருக்கு விறைச்சுப் போகுது.”

அவர் உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“எனக்கும் முழங்கால் வலிதான் டீச்சர்” என்றார். “அன்னைக்கு அந்தச் சின்னக் கதிரையில ஒக்காந்ததுலருந்து.”